மானிடவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாண்டுப் பட்டம் தரும் கம்யூனிட்டி கல்லூரிகளில் மானிடவியல் கற்பிக்கும் சிலரும் மாணவர் ஆலோசகர்கள் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பிள்ளை "ஆந்த்ரபாலஜி படிக்கிறேன்" என்றதும் வீட்டில் எழும் கேள்வி எங்களுக்குத் தெரியும்: "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?" நியாயமான கேள்விதான். அதையே கொஞ்சம் உடைத்துக் கேளுங்கள். எந்தக் கிளை, எந்தப் பட்டம் வரை, கூடவே கைவசம் என்ன தொழில்திறன்? முதல் செமஸ்டரில் இதைக் கேட்டால் பதில் தேட நேரம் இருக்கும். இரண்டாம் ஆண்டுக் கடைசியில் கேட்டால் கோபம்தான் மிஞ்சும்.

முதலில் பணம். கம்யூனிட்டி கல்லூரியில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட் வேண்டும் என்பதால் மொத்தம் 2,760 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. முதன்முறையாக, முழுநேரமாகச் சேருபவர்களுக்குப் பல கல்லூரிகள் 'காலேஜ் பிராமிஸ்' திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தையே தள்ளுபடி செய்கின்றன. இதில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. முழுநேரம் என்பதற்கு ஒரு செமஸ்டருக்கு 12 யூனிட் போதும். ஆனால் 12, 12 என்று நான்கு செமஸ்டர் எடுத்தால் 48-தான் வரும். இரண்டே ஆண்டில் முடிக்க 15 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடை வகுப்பில் ஈடுகட்ட வேண்டும்.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளையும், ஓராண்டுக்கு மேல் மாநிலத்தில் நிலையாக வாழ்வதற்கான சான்று காட்டினால் மாநிலவாசிக் கட்டணம் கோரலாம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது கிடையாது. எச்-4 நிலை 21 வயதோடு முடிகிறது. ஃபெடரல் கல்வி உதவித்தொகையும் அதில் கிடைக்காது. எச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதி இல்லை என்பதால் சம்பளத்தோடு கிடைக்கும் பயிற்சிப் பணிகளைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

இனி பாடங்கள். எடுக்க வேண்டியது 'ஏஏ-டி' எனப்படும் டிரான்ஸ்ஃபர் பட்டம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறி இளங்கலையை முடிக்க வழிசெய்யும் இரண்டாண்டுப் பட்டம். 2010-இல் இயற்றிய மாநிலச் சட்டத்தின்படி உருவானது. உயிரியல் மானிடவியல், பண்பாட்டு மானிடவியல், தொல்லியல் ஆகிய மூன்று அறிமுகப் பாடங்கள் அதன் அடித்தளம். அவற்றையும் சேர்த்து முதன்மைப் பாடத்தில் குறைந்தது 18 யூனிட், ஒவ்வொன்றிலும் 'சி' அல்லது அதற்கு மேல். கூடவே 'கால்-கெட்சி' என்ற பொதுக்கல்வித் தொகுதி.

சிக்கல் பெரும்பாலும் தொல்லியலில்தான் வருகிறது. பல கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரே ஒரு வகுப்பு நடக்கும். ஆள் சேராவிட்டால் தொடங்கிய வாரத்திலேயே ரத்தாகும். மாணவர்களோ மந்திரம், மதம், சடங்கு என்று சுவாரசியமான விருப்பப் பாடங்களை முதலில் எடுத்துவிட்டு (அந்த வகுப்புகள் நன்றாகத்தான் இருக்கும்) இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடைசி செமஸ்டரில் வகுப்பு ரத்தானால் பட்டமே ஓராண்டு தள்ளிப்போகும். எனவே எது அரிதாக நடக்கிறதோ அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளூர்க் கல்லூரியில் கிடைக்காவிட்டால், கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் வழியாக வேறொரு கம்யூனிட்டி கல்லூரியின் ஆன்லைன் வகுப்பைத் தேடலாம்.

அடுத்தது ஆய்வகம். உயிரியல் மானிடவியல் பொதுக்கல்வியில் உயிரியல் பாடமாகவே கணக்கில் வரும். அதோடு ஒரு யூனிட் ஆய்வகத்தையும் எடுத்தால் அறிவியல் ஆய்வகத் தேவையும் தீரும். அந்த ஒரு யூனிட்டை விட்டுவிட்டு, பிறகு அதற்காகவே நான்கு யூனிட் வேதியியலோ புவியியலோ எடுப்பவர்கள் உண்டு. மண்டை ஓட்டு வார்ப்புகளை அளந்து ஒப்பிடுவது, எலும்பைப் பார்த்து வயதையும் உயரத்தையும் கணிப்பது, மரபியல் கணக்குப் போடுவது எல்லாம் அந்த ஆய்வகத்தில்தான் நடக்கும். பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னும் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இரட்டைச் சேர்க்கையில், அதாவது பள்ளியில் இருந்தபடியே கல்லூரியில், ஒரு பாடம் எடுத்துப் பார்க்கலாம். பள்ளி மாணவர்கள் கல்லூரி அளவில் எழுதும் ஏபி தேர்வுகளில் மானிடவியல் இல்லை, ஆகவே வேறு முன்னோட்டம் கிடைப்பது கடினம். ஆனால் இரட்டைச் சேர்க்கையில் வாங்கும் மதிப்பெண் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக ஏறும். பாதியில் விட்டாலும் 'டபிள்யூ' (விலகியவர்) என்று நிற்கும்.

ஏஏ-டி முடித்தவருக்கு கால்ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) அமைப்பில் இடம் உறுதி. ஆனால் விரும்பிய வளாகத்தில்தான் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. யூசியில் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறும் 'டேக்' என்ற சேர்க்கை உறுதி ஒப்பந்தம் தருகின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் அதைப் பயன்படுத்தலாம், செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதில் இல்லை. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' தளத்தில் வளாகவாரியாகப் பார்க்கலாம். நண்பன் சொன்னான் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

வேலைக்கு வருவோம். இரண்டாண்டுப் பட்டத்தோடு 'மானிடவியலாளர்' என்ற பெயரில் வேலை அநேகமாகக் கிடையாது. அருங்காட்சியக உதவியாளர், பள்ளி அல்லது சமூகநல அமைப்புகளில் உதவிப் பணி, அவ்வளவுதான். கல்லூரி விளம்பரம் வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பெயரில் பதவி வகிப்போர் நாடு முழுவதுமே பத்தாயிரத்துக்கும் குறைவு. இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 64,000 டாலர், பெரும்பாலும் முதுகலை கேட்கும் பதவிகள்.

இளங்கலையோடு உண்மையில் ஆள் எடுக்கும் இடம், பண்பாட்டு வள மேலாண்மை எனப்படும் ஒப்பந்தத் தொல்லியல். 1966-இன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, 1970-இன் கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் சட்டம் ஆகியவை காரணமாக, நெடுஞ்சாலை, மின்தடம், சூரிய மின்பண்ணை போன்ற திட்டங்களுக்கு முன் நிலத்தை ஆராய வேண்டியிருக்கிறது. களப்பணியாளர்கள் வழக்கமாக 15 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடந்து தரையைப் பார்க்கிறார்கள். எதுவும் தென்பட்டால் மாநிலத்தின் 523 வரிசைப் படிவத்தில் பதிகிறார்கள். தோண்டும்போது ஒரு மீட்டர் சதுரக் குழி, 10 சென்டிமீட்டர் அடுக்குகளாக. மண்ணைக் கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் மணிகளும் மீன் முள்ளும் நழுவிவிடும். அவை கிடைக்கும் இடங்களில் எட்டில் ஒரு பங்கு அங்குலச் சல்லடைதான் வேண்டும், நேரமும் அதற்கேற்பக் கூடும்.

மனித எலும்பு தென்பட்டால் அங்கே வேலை நின்றுவிடும். இறப்புகளை விசாரிக்கும் அதிகாரியான கவுண்டி கரோனரை அழைக்க வேண்டும். அது பூர்வகுடியினருடையது என்று அவர் கருதினால் 24 மணி நேரத்துக்குள் பூர்வ அமெரிக்க மரபுரிமை ஆணையத்துக்குத் தெரிவிப்பார். ஆணையம் வழித்தோன்றல் என்று அடையாளம் காட்டுபவர், இடத்தைப் பார்க்க அனுமதி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் தம் பரிந்துரையைச் சொல்ல வேண்டும். எலும்பை அடையாளம் காணவும் தெரிய வேண்டும், எதிரில் நிற்பவரிடம் மரியாதையாகப் பேசவும் தெரிய வேண்டும். உயிரியலும் பண்பாடும் ஒரே பட்டத்தில் இருப்பதன் பயன் இந்த மாதிரி நாளில்தான் தெரியும்.

இந்த வேலைக்குப் பட்டத்தோடு களப்பள்ளிச் சான்றும் கேட்பார்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரக் கோடைப் பயிற்சி, தனியார் நடத்துபவை சில ஆயிரம் டாலர் வரை போகும். சில கம்யூனிட்டி கல்லூரிகள் வழக்கமான யூனிட் கட்டணத்திலேயே நடத்துகின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். ஜிஐஎஸ் வரைபடச் சான்றிதழும் அதே கல்லூரியில் படிக்கலாம். எங்கள் கருத்தில், விருப்பப் பாடம் இரண்டைக் கைவிட்டாவது இதை எடுக்கலாம். வேலை திட்டத்துக்குத் திட்டம் மாறும், வெளியூர்த் தங்கல் அதிகம், வெயில் கடுமை. நிலையான, பொறுப்பான பதவிக்கு உள்துறை அமைச்சகத்தின் தகுதி விதி முதுகலையும் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவமும் கேட்கிறது. ஃபெடரல் வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை வேண்டும்.

தடயவியல் மானிடவியலைத் தொலைக்காட்சி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் நிறைய. அத்துறையின் தேசியச் சான்று வாரியம் முனைவர் பட்டம் கேட்கிறது, பதவிகளோ மிகச் சில.

தொழில்நுட்ப நிறுவனங்களில் பயனர் ஆய்வு, அதாவது மக்கள் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வது, இன்னொரு வழி. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1980-களில் மக்கள் நகல் இயந்திரத்தோடு திண்டாடுவதைக் கவனித்து ஆராய்ந்த லூசி சச்மன் மானிடவியலாளர். 1998-இல் இன்டெலில் சேர்ந்த ஜெனிவீவ் பெல்லும் அப்படியே. ஆனால் இன்று பட்டத்தைக் காட்டினால் போதாது. நேர்காணல் எடுத்து, குறிப்பாக்கி, முடிவு எழுதிய இரண்டு மூன்று ஆய்வுகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். புள்ளியியல் கட்டாயம். ஆட்குறைப்பு வந்தால் முதலில் அடிபடும் குழுக்களில் இதுவும் ஒன்று என்பதையும் மறைக்கவில்லை.

கம்யூனிட்டி கல்லூரியில் கற்பிக்க முதுகலை போதும். ஆனால் பெரும்பாலோர் பகுதிநேரமாகத் தொடங்குகிறார்கள். ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள ஒரு கல்லூரி மாவட்டத்தில் பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேரக் கற்பித்தல் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள் என்பதால் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டுவது வழக்கம்.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது பிள்ளை கையில் மதிப்பெண் பதிவும், விரும்பும் இரண்டு வளாகங்களின் அசிஸ்ட் பக்கமும் இருக்கட்டும். தொல்லியல் எந்த செமஸ்டரில் நடக்கும், கடந்த ஆண்டு ரத்தானதா, களப்பள்ளி உண்டா என்று மூன்றையும் கேட்கட்டும். முன்பதிவை செமஸ்டரின் மூன்றாம் நான்காம் வாரத்தில் செய்வது நல்லது. பதிவுக் காலம் நெருங்கினால் கிடைப்பது பதினைந்து நிமிடம்தான். பிள்ளைக்கு 18 வயது ஆகாவிட்டாலும், எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் கல்விப் பதிவைப் பற்றி உங்களிடம் பேச எங்களுக்குப் பொதுவாகச் சட்டம் இடம் தராது. ஆகவே பேச வேண்டியதை வீட்டிலேயே முதலில் பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
கம்யூனிட்டி கல்லூரி மானிடவியல் ஆசிரியர்கள், ஆலோசகர்கள் சிலர்