எவர்ட்டன் இன்னும் இருக்கா என்று கேட்டவனுக்கு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவசரப்படாதே. மகள் வேலைக்குச் சேர்ந்ததற்கு என் ஆசியைச் சொல். எல்லாம் நல்ல சேதியாக எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் புத்தியைக் காட்டிவிட்டாயே: "ஆமாம், உங்க எவர்ட்டன் இன்னும் இருக்கா?" அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை சீக்கிரம் பதில்.

இருக்கிறதடா. அதே ஊரின் இன்னொரு கால்பந்து கிளப், லிவர்பூல் ரசிகனுக்குக் கண்ணில் படாது, அவ்வளவுதான். நீங்கள் கோயிலாகக் கும்பிடும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1892 வரை ஆடியது நாங்கள் என்பதை விடுதி டிவி முன்னால் நூறு தடவை சொல்லியிருப்பேன். இது நூற்றியொன்று.

உன்னிடம் மறைப்பானேன், எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே' தொகுப்பு நிகழ்ச்சியில் எங்கள் ஆட்டத்தை எத்தனையாவதாகப் போடுகிறார்கள் என்று எண்ணுவேன். ஜெயித்த நாளிலும் எண்ணுவேன். நேரடி ஒளிபரப்பு அட்டவணை வந்தால் முதலில் எங்கள் பெயரைத் தேடுவேன். இது வெறும் ரோஷம் இல்லை, பின்னால் பணமும் இருக்கிறது. நாங்கள் ஆடும் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் உள்நாட்டு ஒளிபரப்பு வருமானத்தில் பாதியை இருபது கிளப்புகளும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். கால் பங்கு, பட்டியலில் பிடித்த இடத்துக்கு. மிச்சக் கால் பங்கு, எத்தனை ஆட்டத்தை நேரடியாகக் காட்டினார்களோ அதற்கு. அதிகம் தெரிகிறவனுக்கு அதிகப் பணம். பணம் வந்தால் இன்னும் அதிகம் தெரிவான்.

2023 நவம்பரில் லீக் பட்டியலில் எங்களுக்குப் பத்துப் புள்ளி வெட்டினார்களே, அப்போது நீ ஃபோன் போட்டுச் சிரித்தது மறக்கவில்லை. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம் என்பது விதி. நாங்கள் 12.45 கோடி காட்டினோம். தப்புதான். கண்டபடி ஆள் வாங்கிய கிளப்புக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளோடு சேர்ந்து சூப்பர் லீக் என்று தனிக்கடை போடக் கிளம்பிய ஆறு இங்கிலாந்து கிளப்புகளை நினைத்துப் பார். உங்கள் கிளப்பும் அதில் உண்டு. ஆறு பேரும் சேர்ந்து கட்டியது 2.2 கோடி பவுண்டு. ஒரு புள்ளிகூடப் போகவில்லை. இனி செய்தால் முப்பது புள்ளி என்று ஒரு மிரட்டல், அதோடு சரி. எங்களுக்கு மேல்முறையீட்டில் பத்து ஆறானது, 2024 ஏப்ரலில் வேறொரு வழக்கில் இன்னும் இரண்டு போனது. எட்டையும் இழந்து பதினைந்தாவது இடத்தில் முடித்தோம்.

அந்தப் பத்துப் புள்ளி வெட்டுக்குப் பிறகு வந்த முதல் ஆட்டம், எங்கள் மைதானமான குடிசன் பார்க்கில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு. அரங்கம் முழுக்க இளஞ்சிவப்பு அட்டைகள். லீக்கின் சின்னம், அதன் கீழே 'ஊழல்' என்ற சொல். இன்றைக்காவது உலகம் எங்கள் பக்கம் திரும்பும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிடம், அவர்கள் பையன் கர்னாச்சோ அந்தரத்தில் தலைகீழாகப் பறந்து ஒரு கோல் அடித்தான் பார்! அவ்வளவுதான். எங்கள் கோபம் அவன் கோலுக்குப் பின்னணித் திரையாகிவிட்டது. 0-3. அடுத்த வருடம் அந்தக் கோலுக்கு, வருடத்தின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதும் கொடுத்தார்கள். இப்போதும் அந்தக் காட்சி எங்கேயாவது வந்தால் நான் பந்தைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைத்தான் பார்க்கிறேன். (நல்ல கோல்தான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.)

இதையெல்லாம் புலம்பி முடித்த பிறகுதான் ஒரு பழைய கதை வந்து குத்துகிறது. 1990இல் ஒளிபரப்புப் பணம் பெரிய கிளப்புகளுக்குக் கூடுதலாக வர வேண்டும் என்று ஒரு டிவி அதிகாரியோடு விருந்துக்கு உட்கார்ந்தார்கள் இல்லையா, பிரீமியர் லீக்குக்கு விதை போட்ட ஐந்து கிளப்புகள்? ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம். ஐந்தாவது நாங்கள். அன்றைக்கு எங்களைப் பார்த்து எத்தனை சின்ன ஊர்க்காரன் வயிறெரிந்திருப்பான்! நாங்கள் சேர்ந்து போட்ட பந்தியில் இப்போது எங்களுக்குக் கடைசி இலை. இந்தக் கதையை மற்ற எவர்ட்டன்காரர்களிடம் எடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

2025 மே 18 அன்று குடிசனில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். சவுத்தாம்ப்டனோடு 2-0, இரண்டும் எங்கள் என்ஜியாயே அடித்தது. அன்றைக்கு மட்டும் எங்கே திருப்பினாலும் நாங்கள்தான். பழைய வீரர்கள், அழுகிற தாத்தாக்கள், மர இருக்கைகள். வீட்டைக் காலி செய்கிற அன்றைக்குத்தான் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து நின்ற மாதிரி இருந்தது. அந்த மைதானத்தைப் பெண்கள் அணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

நம் இரண்டு கிளப்பும் மோதும் அடுத்த மெர்சிசைடு டெர்பிக்கு நான் அங்கே வரட்டுமா? உன் காலும் அதற்குள் மடங்கிவிடும். ஒரே நிபந்தனை, ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட வேண்டும். அலசல் நிகழ்ச்சியில் உங்கள் ஆள் நான்கு பேர் உட்கார்ந்து உங்களைப் பற்றியே பேசுவதை என்னால் கேட்க முடியாது.

அன்புடன்,
உன் பழைய அறைவாசி