சுயவிவரமே கேள்வித்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரிய மென்பொருள் நிறுவனங்களின் வளாகத் தேர்வுக்காகப் பொது அறிவுப் புத்தகத்தை உருப்போடும் மாணவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அங்கே அதற்குப் பெரும்பாலும் வேலையே இல்லை.

முதலில் ஆன்லைன் தேர்வு: கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், கோடிங். எழுதிய நிரல் மாதிரி உள்ளீட்டுக்குச் சரியாக ஓடியும் மதிப்பெண் குறைகிறதா? காலிப் பட்டியல், எதிர்ம எண், மிகப் பெரிய எண் என்று கண்ணுக்குக் காட்டாத சோதனைகளும் உண்டு. அவற்றில்தான் பலர் விழுகிறார்கள்.

தொழில்நுட்பச் சுற்றில் சுயவிவரமே கேள்வித்தாள். ஜாவா, பைத்தான், சி என்று மூன்றையும் எழுதிவிட்டு, ஒரு சொல்லைத் தலைகீழாக்கும் நிரலை எதிலும் எழுதத் தெரியாமல் விழிப்பதைவிட ஒன்றை மட்டும் எழுதுவது மேல். குழுவாகச் செய்த புராஜெக்ட்டில் 'உங்கள் பங்கு எது?' என்ற கேள்வி நிச்சயம். விடை தெரியாவிட்டாலும் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மௌனத்துக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

எச்.ஆர். சுற்றில் வெளியூர்ப் பணி, இரவுப் பணி பற்றிக் கேட்பார்கள். அரியர் (தேர்ச்சி பெறாத பாடங்கள்) விவரத்தை மறைத்தால், பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் வேலையே போகலாம்.

ஆண்டுச் சம்பளம் 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வராது. நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை, காப்பீடு ஆகியவற்றையும் பெரும்பாலும் அதற்குள்தான் சேர்த்திருப்பார்கள். உங்கள் பங்கு பி.எஃப். சம்பளத்திலிருந்து தனியாகப் பிடிக்கப்படும், வழக்கமாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்பது வீண் பயம்.

- வேலைவாய்ப்புப் பயிற்சியாளர்கள், கோவை