சித்தப்பாவுக்காக வந்து நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஏன் தள்ளிப்போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கும்பகோணம் மடத்துத் தெருப் பக்கம் உங்களில் பலருக்கு அவர் 'கம்பாசிட்டர் சார்', அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். எனக்கும் தம்பிக்கும் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதனால் 'பிள்ளை இல்லாதவர் சாவு, நாலு பேர் வருவார்களா' என்று அத்தை ஒரு வார்த்தை விட்டார். அன்று தெருவில் செருப்பு விட இடமில்லை. அத்தையே அதை இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொருவர் பெயராகப் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. போட்டால் ஒன்று, யார் பெயராவது விட்டுப்போகும். இல்லாவிட்டால் யார் பெயரிலாவது பிழை விழும். சித்தப்பாவுக்கு இரண்டுமே ஆகாது. உங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. வைகாசி மாதம், விடிகாலை நாலு மணி. தூக்கத்திலேயே போய்விட்டார். அப்பா சென்னைக்கு எனக்கு ஃபோன் போட்டு 'தம்பி போயிட்டான்மா' என்றதோடு சரி, அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. ஃபோனை வாங்கிப் பேசியது அக்காதான். 'காலண்டருக்குப் பின்னால சித்தப்பா ஒரு கார்டு சொருகி வச்சிருக்காரே, கண்தானக் கார்டு, அதுல இருக்கற நம்பருக்குப் பண்ணிடவா?' என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. சித்தப்பா அந்தக் கார்டை வாங்கிய முகாமில் விண்ணப்பத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அக்கா முதலில் ஃபேனை நிறுத்தினார். இமையை மூடி, பஞ்சை நனைத்து மேலே வைத்தார். தலைக்கு அடியில் இன்னொரு தலையணை. கருவிழி காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இதெல்லாம். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. 'இந்தப் புழுக்கத்துல காத்தில்லாம கிடக்கானே' என்று மறுபடி மறுபடி சுவிட்சைப் போடப் போனாராம். அக்கா சண்டை போடவில்லை. ஒரு ஸ்டூலை எடுத்துச் சுவிட்சுக்குக் கீழே போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து, கைலியோடு ஓடிவந்த தெருக்கோடி டாக்டருக்கு. அவர் பார்த்து எழுதிக் கொடுத்த சான்று இல்லாமல் கண் வங்கிக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து விடியும் முன்பே கிளம்பி ஆறரைக்கெல்லாம் வந்து நின்ற அந்த இரண்டு பிள்ளைகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் ஆளுக்கொரு கேள்வி. 'ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆனவராச்சே, எடுப்பீங்களா?' புரை வருவது உள்ளே இருக்கும் லென்ஸில், நாங்கள் எடுத்துக்கொள்வது முன்னால் இருக்கும் கருவிழியை என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னாராம். 'சர்க்கரை இருந்துதே, எழுபத்தெட்டு வயசாச்சே?' அதுவும் தடையில்லை. கடைசியில் அத்தை, அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறப்பானே என்று அழ ஆரம்பித்தார். அதற்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை. டீக்கடை அண்ணன்தான், 'அவரு இந்தப் பிறவியிலயே ரெண்டு பிறவிக்குப் படிச்சுட்டாரும்மா' என்றார். அத்தை அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாராம்.

அப்பா கையெழுத்துப் போட்டார், அக்காவும் டீக்கடை அண்ணனும் சாட்சி. கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள், பரிசோதனைக்கு. எல்லாம் இருபது நிமிஷம். நான் மதியம் வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம்கூட அப்படியே இருந்தது. இரண்டு பேருக்குப் பொருத்துவார்கள், யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் தபாலில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, 'பிழை இல்லை' என்று மேசையில் வைத்தார்.

அந்தக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதில் அச்சகத்தில் சேர்ந்தார். இடது கையில் எழுத்தைக் கோர்க்கும் ஸ்டிக், வலது கை ஈய எழுத்துகள் அறை அறையாகக் கிடக்கும் கேஸில். எந்த அறையில் எந்த எழுத்து என்று பார்க்க மாட்டார், கை தானாகப் போகும். ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும், அதையும் தலைகீழாக வைத்துத்தான் கோர்ப்பார்கள். அப்படியே வாசித்துப் பிழை பிடிப்பார். சின்ன வயதில் எங்களுக்கு இது மந்திரவாதம். அப்பா பேப்பர் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து தலைகீழாகவே படித்து, அப்பா அந்த வரிக்கு வருவதற்கு முன்னால் செய்தியைச் சொல்லிவிடுவார். கல்யாண சீசனில் அவருக்குப் பெரிய தலைவலி 'ம'. திருமணம், மணமகன், மணமகள், முகூர்த்தம் என்று எங்கே பார்த்தாலும் ம. கேஸ் காலியாகிவிடும். அச்சடித்து முடித்த பத்திரிகையின் பாரத்தை, அதாவது கோர்த்துக் கட்டிய எழுத்துகளை, பிரித்துப் போட்டால்தான் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு ம கிடைக்கும். 'ஒரே ம-வுல ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன்' என்பார்.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935-லிருந்தே பத்திரிகையில் பயன்படுத்திவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துக்கு உருவம் மாறியது. மற்றவர்களுக்கு அது பேப்பரில் வந்த செய்தி. கம்பாசிட்டர்களுக்குக் கை மாறிய கதை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எழுத்துக்கு இனி இரண்டு எழுத்தாக எடுக்க வேண்டும். ஆனாலும் அவர் அந்தச் சீர்திருத்தத்தின் கட்சிதான். ஏற்கெனவே கேஸில் இருக்கும் துணையெழுத்தும் ஐகாரக் கொம்புமே போதும், தனியாக 13 அச்சு வேண்டாமே என்பார். பழைய எழுத்துகளை உருக்குவதற்கு எடைக்குப் போட்டபோது துதிக்கை வளைத்த பழைய 'லை' ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கடைசிவரை அது அவர் கண்ணாடிக் கூட்டுக்குள்தான் கிடந்தது.

அச்சகம் மூடிய பிறகு அவர் ஊருக்கே புரூஃப் ரீடர் ஆகிவிட்டது உங்களுக்கே தெரியும். பத்திரிகை, நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ், எது வந்தாலும் சிவப்புப் பேனா. கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூட விட மாட்டார். 'இயற்க்கை எய்தினார்' என்று எழுதியிருந்தால் நின்றுவிடுவார். 'ட், ற் பின்னால இன்னொரு புள்ளி எழுத்து ஒட்டாதுடா, செத்தவனுக்காவது ஒழுங்கா எழுதுங்க' என்று திட்டிக்கொண்டே பேனாவால் சுவரிலேயே அடிப்பார்.

அவருடைய ஃப்ளெக்ஸில் அதே பிழை இருந்தது.

தெருமுனையில் கட்டியாகிவிட்டது, பத்தடி உயரம். ஃப்ளெக்ஸ் அடிக்கும் தம்பி கீழே நின்று எதேச்சையாக நிமிர்ந்து பார்த்திருக்கிறான், முகம் வெளுத்துவிட்டது. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நிஜமாகச் சொன்னால் நாங்கள் கவனிக்கவே இல்லை. அவனே அவிழ்த்து எடுத்துப் போய், கடையைத் திறந்து, கரண்ட் போனதால் ஒரு மணி நேரம் காத்திருந்து, புதிதாக அடித்துக் கொண்டுவந்து கட்டினான். காசு வாங்கவில்லை. 'என் கடையில முதல் போர்டுல இருந்து அவர்தான் பார்த்துக் குடுத்தார்க்கா. இதை யார்கிட்ட காட்டறதுன்னு தெரியல, அவசரத்துல அடிச்சுட்டேன்' என்றான். தம்பி, அந்த வாக்கியத்தை நான் மறக்க மாட்டேன். பதினாறாம் நாள் அவனிடம் அந்த 'லை'யைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது என்ன எழுத்துக்கா?' என்றான். ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

அடுப்பு மூட்டாத நாட்களில் வேளாவேளைக்குக் காபியும் உப்புமாவும் தயிர்சாதமும் அனுப்பிய வீடுகளுக்கு நன்றி. தூக்குப் பாத்திரங்கள் நாலு இன்னும் எங்களிடம் இருக்கின்றன. நாற்காலி, ஷாமியானா வாடகையில் பாதியைக் கழித்துக்கொண்டவருக்கு, தோள் கொடுத்தவர்களுக்கு, பறையடித்தவர்களுக்கு, ராத்திரி முழுக்க அப்பாவுடன் திண்ணையில் உட்கார்ந்திருந்த பழைய அச்சகத்து டிரெடில்காரருக்கு, அதாவது அச்சு இயந்திரம் ஓட்டியவருக்கு. அந்த இருவரும் விடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறப்புப் பதிவுக்கு 21 நாள் கெடு. போன இடத்தில் மனைவி பெயர் எங்கே, பிள்ளை பெயர் எங்கே என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கூடவே வந்து, குரலை உயர்த்தாமல் வேலையை முடித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற கிளார்க் மாமாவுக்குத் தனி நன்றி.

இனி, தாமதத்துக்குக் காரணம். சித்தப்பா வருஷாவருஷம் காவிரியில் முதல் தண்ணீர் வருவதைப் பார்க்கப் பகவத் படித்துறைக்குப் போவார். வைகாசியில் ஆறு வெறும் மணல். பூம்புகாருக்கு வேன் வைத்துப் போய் அஸ்தியைக் கடலில் கரைத்தோம், ஆனால் என் தம்பி ஒரு பிடியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டான். வீட்டுக்குள் அஸ்தி வைக்கக் கூடாது என்று அத்தை. தகன மேடையில் வேலை செய்கிறவர்தான், 'குடுங்க, நான் பார்த்துக்கறேன்' என்று சின்னக் கலயமாக வாங்கி, துணி சுற்றி, வேப்பமரத்துக் கிளையில் கட்டி வைத்தார். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, பிறகு கல்லணை திறந்து, ஆனி பிறந்து சில நாளில் படித்துறைக்குப் பக்கத்துப் பூக்கார அம்மா ஃபோன் செய்தார்: 'பாப்பா, தண்ணி வந்துடுச்சு.'

போனோம். முதல் தண்ணீர் பார்க்க அழகாக இருக்காது. நுரை, சருகு, டீ கப், ஒற்றைச் செருப்பு என்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு மெதுவாக மணலை நனைத்துக்கொண்டு வரும். தம்பி முழங்கால் ஆழம் வரும்வரை நின்று, அப்புறம் கலயத்தைக் கவிழ்த்தான். கலயம் கட்டிக் காத்தவர் எவ்வளவு சொல்லியும் பணம் வாங்கவில்லை, ஒரு வேட்டி மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
அண்ணன், அண்ணன் பிள்ளைகள், தங்கை மற்றும் குடும்பத்தார்
கும்பகோணம்

பி.கு.: சித்தப்பாவின் மேசை இழுப்பறையில் அவரிடம் திருத்தக் கொடுத்த தாள்கள் மூன்று இருக்கின்றன. ஒரு கோயில் நோட்டீஸ், ஒரு மளிகைக்கடைத் திறப்பு விழா, ஒரு கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் முகூர்த்தம் ஆவணியில் என்று இருக்கிறது, பெண் வீட்டு விலாசம் மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். யாருடையது என்று தெரியவில்லை, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றையும் திருத்தி முடித்துத்தான் வைத்திருக்கிறார்.