குட்டி டிரெய்லர் இழுக்க ஒரு வழி பண்ணிக் குடுங்க: கார் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் டிசைன் பண்றவங்க, மேனுவல் எழுதறவங்க, வாரண்டி பேப்பர் பாக்கறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

படகு இழுக்கணும் கேரவன் இழுக்கணும்னு நான் கேக்க வரல. சாதாரண பேசஞ்சர் கார், பின்னாடி ஒரு அச்சு ரெண்டு சக்கரம் வச்ச குட்டி டிரெய்லர், அதுல ஒரு பழைய சோபா, நாலு மூட்டை மண்ணு, வெட்டிப்போட்ட மரக்கிளை, அவ்ளோதான், டிரெய்லரோட சேத்தே 400, 500 கிலோ வரும். எப்பவாச்சும் வர்ற இந்த வேலைக்கு "அப்போ பெரிய எஸ்யூவியா பாருங்க"ன்னு ஷோரூம்ல சொல்றாங்க. மீதி நாள் பூரா ஒத்த ஆளு வேலைக்குப் போக ரெண்டு டன் இரும்ப ஓட்டிட்டு போகணுமாம்.

என் மொத கோவம் மேனுவல் மேலதான். "இந்த வாகனம் டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கப்படவில்லை"ன்னு ஒரே வரில முடிச்சிடறீங்க. ஆனா அதே மாதிரி காரையே ஐரோப்பால விக்கும்போது பிரேக் உள்ள டிரெய்லர்னா இத்தன கிலோ, பிரேக் இல்லாததுன்னா இத்தன கிலோன்னு பேப்பர்லயே போட்டுக் குடுக்கறீங்க, அமெரிக்கா போனா அந்த நம்பர் பாதியாகுது, இல்ல காணாமலே போயிடுது. இதுக்கு காரணம் இல்லாம இல்ல, ஐரோப்பால டிரெய்லரோட போனா ஸ்பீடு லிமிட் கம்மி, ஜெர்மனில பொதுவா 80 கிலோமீட்டர்தான், ஹிட்ச் (டிரெய்லர மாட்ட கார் பின்னாடி இருக்கற கொக்கி) மேல இறங்கற வெயிட்டும் அங்க கம்மியாத்தான் வைப்பாங்க, அமெரிக்கால டிரெய்லர் வெயிட்டுல 10லேர்ந்து 15 சதவீதம் முன்னாடி இறங்கணும்னு சொல்வாங்க. சரி, அப்போ அதையே எழுதிடுங்களேன், இந்த ஸ்பீடுக்கு மேல போகாதீங்க, இந்த வெயிட்டுக்கு மேல ஏத்தாதீங்கன்னு. வேணாம்னு சொல்லிட்டா யாரும் இழுக்காம இருக்கப்போறாங்களா என்ன, நம்பர் தெரியாம இழுப்பாங்க.

எங்களுக்கு வேண்டியது நாலு நம்பர். டிரெய்லர் அதிகபட்சம் எவ்ளோ (பிரேக் இருந்தா, இல்லாட்டி, ரெண்டும்), ஹிட்ச் பால் (டிரெய்லர் வந்து உக்கார்ற இரும்பு உருண்டை) மேல எவ்ளோ இறங்கலாம், காரும் டிரெய்லரும் சேந்து மொத்தம் எவ்ளோ, பின் அச்சு எவ்ளோ தாங்கும். இந்த கடைசி நம்பரத்தான் யாரும் பாக்கறதே இல்ல. ரெண்டு அச்சுக்கும் நடுவுல 2.6 மீட்டர் இருக்கற கார்ல, பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாடி பால் இருந்து அதுமேல 50 கிலோ இறங்குச்சுன்னா பின் அச்சுக்கு ஏறறது 50 இல்ல, கிட்டத்தட்ட 69 கிலோ. வால அமுக்கினா தலை தூக்கற மாதிரி முன் சக்கரத்துலேர்ந்து 19 கிலோ கழண்டு பின்னாடி வந்துடுது. முன் சக்கரம் இழுக்கற கார்னா மழைல ஏத்தத்துல நின்னு கிளம்பும்போது அந்த 19 கிலோவோட அரும தெரியும். போதாததுக்கு டிக்கில சாமான், பின் சீட்ல ரெண்டு பேரு. பால் மேல இறங்கற வெயிட்டும் காரோட லோடு கணக்குலதான் சேரும்னு எத்தன பேருக்கு தெரியும்?

அதுக்காக ஹிட்ச் மேல வெயிட்டே வேணாம்னு சரக்க பின்னாடி தள்ளி ஏத்தினா டிரெய்லர் ஆட ஆரம்பிச்சிடும், ஒருதடவ ஆட்டம் பெருசாச்சுன்னா காரயும் சேத்து திருப்பிடும். டிரெய்லர் அச்சுக்கு முன்னாடி சரக்கு கொஞ்சம் அதிகம் இருக்கணும், வீட்ல இருக்கற வெயிட் மெஷின் மேல, ஓடும்போது இருக்கற அதே உயரத்துல கப்ளர (பால் மேல மாட்டற டிரெய்லரோட மூக்கு) வச்சு பாத்துக்கலாம், இத ஒரு படம் போட்டு அரைப்பக்கத்துல சொல்லிடலாம். ப்ளூடூத்ல போன் கனெக்ட் பண்ண பத்து பக்கம் குடுக்கறீங்கல்ல.

அடுத்தது போல்ட். பின்னாடி ஃப்ரேம்ல ஹிட்ச் மாட்ட ஓட்டயும் வெல்ட் பண்ண நட்டும் சில மாடல்ல ஃபேக்டரிலயே வருது, சிலதுல வர்றதில்ல, வராத கார்ல கடைக்காரர் ட்ரில் போட்டு தகடத் துளைக்கறாரு, துரு அங்கதான் ஆரம்பிக்குது. சில டோ பார் (ஹிட்ச் பாலத் தாங்கற இரும்புச் சட்டம்) மாட்டணும்னா பம்பர் உள்ள இருக்கற பீமையே கழட்டிட்டு அந்த எடத்துல இதப் போடணும், அப்போ பின்னாடி இடிச்சா தாங்கறது டோ பார்தான். அத யாரோ ஒரு வெல்டர் கையில விடாம நீங்களே டெஸ்ட் பண்ணி வித்தா என்ன?

டிரெய்லர் லைட்ட கார் லைட்டோட சேக்கற வயரிங்தான் பெரிய தலவலி. பழைய கார்னா டெய்ல் லேம்ப் வயர்ல ஒரு கிளை இழுத்தா முடிஞ்சுது. இப்போ வர்ற கார்ல பல்பு எரியுதா இல்லையான்னு கம்ப்யூட்டரே செக் பண்ணுது, கூட ஒரு லோடு சேந்தா எரர் காட்டுது, இல்ல லைட்டையே கட் பண்ணுது. அதனால பேட்டரிலேர்ந்து தனியா ஃப்யூஸ் போட்டு பவர் எடுக்கற மாட்யூல் வேணும், அது டெய்ல் லேம்ப் வயர்லேர்ந்து சிக்னல மட்டும் எடுத்துக்கும். அமெரிக்கா ஸ்டைல் 4 பின் ப்ளக்னா இன்னொரு கூத்து, அதுல பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே வயரு, கார்ல ரெண்டும் தனித்தனியா இருந்தா நடுவுல கன்வர்டர் வைக்கணும். இத்தனயும் செஞ்சாலும் டிரெய்லர் மாட்டியிருக்குன்னு காருக்குத் தெரியறதில்ல. ரிவர்ஸ் எடுத்தா சென்சார் கத்திக்கிட்டே இருக்கும், பெரிய விஷயம் அது இல்ல, டிரெய்லர் ஆடும்போது தனித்தனி சக்கரத்துல பிரேக் புடிச்சு அடக்கற வசதி உங்க ஈஎஸ்பில (கார் சறுக்காம பாத்துக்கற எலக்ட்ரானிக் சிஸ்டம்) இருக்குல்ல, நெறய கார்ல டிரெய்லர் சிக்னல் வந்தாதான் அது முழிச்சுக்கும். டிக்கி ஓரத்துல மூடி போட்ட ஒரு சாக்கெட்ட ஃபேக்டரிலயே விட்டுட்டா இது எதுவுமே இல்ல. வேண்டாதவங்களுக்கு அது அங்க இருக்கறதே தெரியாது.

ஆட்டோமேட்டிக், சிவிடி (கியர் படி இல்லாம பெல்ட்லயோ செயின்லயோ ஓடற ஆட்டோமேட்டிக்) வச்ச கார்னா கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும், கூலர் வேணுமா, ஆயில் சீக்கிரமா மாத்தணுமான்னும் எழுதுங்க. பால் சைஸ் பத்தி ஒரு வரி: 50 மில்லிமீட்டர், 2 இன்ச், ஒண்ணே முக்கா இன்ச்சுக்கும் கொஞ்சம் மேல ஒண்ணுன்னு பல சைஸ் இருக்கு, பெரிய கப்ளர் சின்ன பால் மேல உக்காந்த மாதிரியே தெரியும், பள்ளத்துல விழுந்தா கழண்டுக்கும். காரையும் டிரெய்லரையும் சேத்துக் கட்டற பாதுகாப்பு செயின குறுக்குவாட்டுல ஏன் போடணும்னு, அதாவது கழண்ட டிரெய்லர் மூக்கு ரோட்ல குத்தாம செயின் மேலயே விழட்டும்னுதான், அதயும் பக்கத்துலயே போடலாம்.

கடைசியா வாரண்டி. ஹிட்ச் மாட்டியிருக்குன்னு பாத்ததும் சம்பந்தமே இல்லாத ரிப்பேருக்குக்கூட சர்வீஸ்ல மூஞ்சிய சுளிக்கறாங்க. எந்த ஹிட்ச், எந்த மாட்யூல் போட்டா வாரண்டி போகாதுன்னு பார்ட் நம்பரோட எழுத்துல குடுங்க. புது மாடல் வர்றவரைக்கும் காத்திருக்க வேணாம், ஏற்கனவே ரோட்ல ஓடற கார்களுக்கு அந்த நாலு நம்பரும் உங்ககிட்ட இருக்கும், இந்த மாசமே வெப்சைட்ல ஏத்திடலாம்.

இப்படிக்கு,
சின்ன கார் வச்சிருக்கற ஒரு கஸ்டமர்