மகன் இறந்த பிறகா திருந்தினார் கிளாப்டன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் தன்வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ப்ளூஸ், ராக் என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்களையும் உட்கார்ந்து படிக்க வைக்கும் எழுத்து. அவர் வாசித்த 'கிரீம்' இசைக்குழுவின் காலத்தையும், லண்டன் சுவர்களில் 'கிளாப்டனே கடவுள்' என்று ரசிகர்கள் எழுதிவைத்ததையும் கட்டுரையாளர் நன்றாகச் சொல்லியிருக்கிறார். பாட்டியை அம்மா என்றும் பெற்ற தாயை அக்கா என்றும் நம்பி வளர்ந்த சிறுவனின் கதையும் அதே அளவுக்கு மனதில் நிற்கிறது.

ஆனால் கடைசிப் பத்தி சரியில்லை. நான்கு வயது மகனைப் பறிகொடுத்த துயரம்தான் கிளாப்டனைப் போதையிலிருந்து மீட்டது என்ற பொருளில் அது முடிகிறது. நடந்தது அப்படியில்லை. சிறுவன் கானர் நியூயார்க்கில் 53ஆவது மாடியின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தது 1991 மார்ச் 20. கிளாப்டன் குடியை விட்டது 1987இல். மகன் இறந்தபோது அவர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தார்.

இதை ஏதோ தேதிப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. போதை மீட்புப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளியைச் சேர்க்க வரும் குடும்பங்கள் எல்லாமே ஏதோ ஓர் அதிர்ச்சியை எதிர்பார்த்துக்கொண்டுதான் வரும். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னு நெனச்சோம் சிஸ்டர்." "குழந்தை பிறந்தா பொறுப்பு வந்துடும்னு சொன்னாங்க." "அவங்கப்பா போனப்பவாவது திருந்துவான்னு பார்த்தோம்." அப்பாவின் கருமாதியன்றே குடித்துவிட்டு வந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய அடி விழுந்தால் மனிதன் திருந்துவான் என்பது சினிமா நமக்குக் கொடுத்த நம்பிக்கை. உங்கள் கட்டுரையும் தெரியாமல் அதற்கு இன்னொரு சாட்சியைச் சேர்த்துவிட்டது. கிளாப்டனின் புத்தகமோ நேர்எதிரான சாட்சி.

கட்டுரையில் ஹெராயினுக்கு முக்கால் பங்கு இடம், குடிக்கு இரண்டே வரி. புத்தகத்தில் எடை அப்படியில்லை. ஹெராயின் காலம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். 1971 ஆகஸ்ட் 1 அன்று பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் நம் சிதார் மேதை ரவிசங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடத்திய கச்சேரிக்குக்கூட, கிளாப்டன் ஹெராயின் கிடைக்காத நடுக்கத்தோடுதான் மேடையேறினார். கையில் எடுத்த கிதாரும் வாசித்த பாட்டுக்குப் பொருந்தாத கிதார். 1973இல் இன்னொரு ராக் கிதார் கலைஞரான பீட் டவுன்ஷெண்ட் அவரை வீட்டிலிருந்து இழுத்துவந்து லண்டன் ரெயின்போ அரங்கில் வாசிக்க வைத்தார். கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மறுபடி அதே பொடி. பிறகுதான் மெக் பேட்டர்சன் என்ற மருத்துவரின் சிகிச்சை. ஸ்காட்லாந்துக்காரரான இவர் லூதியானாவில் அறுவை மருத்துவராக இருந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஹாங்காங்கில், ஊசிகளில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சரைப் பார்த்து, அதிலிருந்து தன் முறையை உருவாக்கினார்.

இதோடு கட்டுரையாளர் மீட்சிக் கதையை முடித்து, 1974ஆம் ஆண்டின் வெற்றி ஆல்பத்துக்குத் தாவிவிடுகிறார். நடுவில் நடந்தது என்ன? சிகிச்சைக்குப் பின் உடம்பு தேறட்டும் என்று கிளாப்டனை ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். பகலெல்லாம் மாட்டுத்தொழுவத்திலும் வைக்கோலிலும் வேலை, சாயங்காலமானால் பக்கத்து ஊர் மதுக்கடை. ஹெராயின் போய்விட்டது என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், கையில் கிளாஸ் இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் வார்டில் இது தினசரிக் காட்சி. "கஞ்சாவை விட்டுட்டான் சிஸ்டர், இப்ப வெறும் பீர்தான்" என்று அம்மாக்கள் நிம்மதியோடு சொல்வார்கள்.

அந்த வெறும் குடிதான் அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் கிளாப்டனைத் தின்றது. மேடையில் படுத்துக்கொண்டே ஒரு முழுக் கச்சேரியை வாசித்திருக்கிறார். 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் போதையில் நின்று, குடியேறிகளுக்கு எதிரான ஈனோக் பவலின் அரசியலை ஆதரித்துக் கத்தினார். கறுப்பினத்தவரின் ப்ளூஸை வாசித்துப் பேரும் பணமும் பெற்றவர் பேசிய பேச்சு அது. 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கம் பிறக்க அதுவும் ஒரு காரணம். புத்தகத்தில் இந்தச் சம்பவத்தை அவர் கடந்துபோகும் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற இடங்களில் தன்னைத் தோலுரிக்கிறவர் இங்கே மட்டும் சட்டையைக் கழற்ற மறுக்கிறார். 1981இல் வயிற்றுப்புண் முற்றி அமெரிக்காவில் மருத்துவமனையில் கிடந்தார், இசைப்பயணமே ரத்தானது. தற்கொலை எண்ணம் வந்த நாட்களில் தன்னைத் தடுத்தது ஒரே ஒரு யோசனைதான் என்று எழுதுகிறார்: செத்துவிட்டால் குடிக்க முடியாதே. இதைச் சிரிப்புக்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடிநோயை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

1982 ஜனவரியில் மினசோட்டாவிலுள்ள ஹேசல்டன் மீட்பு மையத்துக்குப் போனார். இனி வாழ்நாளில் குடிக்க முடியாதோ என்ற பயத்தில் விமானத்திலேயே மூக்கு முட்டக் குடித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். வெளியே வந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். அப்புறம் மறுபடி குடி. 1986இல் கானர் பிறந்தான். நம் ஊர்க் கணக்குப்படி அன்றே திருந்தியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டும் குடித்துக்கொண்டிருந்தார். 1987இல் மகனுக்காகவாவது விட்டாக வேண்டும் என்று இரண்டாம் முறை ஹேசல்டனுக்குப் போனது உண்மை. ஆனால் அந்தப் பாசம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வாசல்வரைதான். ஏறக்குறைய ஒரு மாதம் கடமைக்கு எல்லா வகுப்பிலும் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கும்போது, தனக்குள் எதுவுமே மாறவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திகில் பிடித்து, அறையில் தனியாக முழங்காலில் விழுந்து, யாரென்றே தெரியாத ஒருவரிடம் உதவி கேட்டார். அன்று முதல் காலையிலும் இரவிலும் முழங்காலிட்டுப் பிரார்த்திப்பதாக எழுதுகிறார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்கலாம். வார்டில் நான் பார்த்தவரை, முழங்காலிடுகிறாரா இல்லையா என்பதைவிட, "என்னால் தனியாக முடியவில்லை" என்பதை வாய்விட்டுச் சொல்கிறாரா என்பதுதான் முக்கியம். அதன்பின் வந்தவை, குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், வாராவாரம், அலுப்பூட்டும் ஒழுங்கோடு. இதில் சினிமாவுக்கு ஆகிற காட்சி எதுவும் கிடையாது. கட்டுரையில் இதற்கு இடம் கிடைக்காததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இப்போது 1991க்கு வருவோம். முந்தின நாள் மாலைதான் லாங் ஐலண்டில் மகனை சர்க்கஸுக்குக் கூட்டிப்போயிருந்தார். மறுநாள் மிருகக்காட்சிசாலைக்குப் போவதாகத் திட்டம். காலையில் செய்தி வந்தது. குடிப்பதற்கு உலகத்தில் யாருக்காவது நியாயமான காரணம் உண்டென்றால் அன்று அவருக்கு இருந்தது. அவர் குடிக்கவில்லை. சில காலம் கழித்து ஒரு குடிநோயாளிகள் கூட்டத்தில் மகனின் மரணத்தையும், குடிக்காமலேயே அதைத் தாங்கிக்கொண்டதையும் பேசினார். முடிந்ததும் ஒரு பெண் அருகே வந்து, குடிப்பதற்கு என்னிடம் மிச்சமிருந்த கடைசிச் சாக்கையும் நீங்கள் பறித்துவிட்டீர்கள் என்று சொன்னாராம். தன் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்போது குடித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் மனதின் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்திருந்தார். துயரத்தைக் குடிநோயாளியின் மனம் எப்படிக் கணக்கில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். திருந்துவதற்கு அல்ல, குடிப்பதற்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெராயின் ஆண்டுகளில் 'உடனிருந்த காதலி' என்று கட்டுரை பெயர் சொல்லாமல் கடந்துபோகும் பெண்ணின் பெயர் ஆலிஸ் ஓர்ம்ஸ்பி-கோர். கென்னடி காலத்தில் வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்த லார்ட் ஹார்லெக்கின் மகள். சர்ரேயில் அந்தப் பெரிய வீட்டின் கதவை அடைத்துக்கொண்டு கிளாப்டன் கிடந்தபோது, வெளியே போய் ஹெராயின் வாங்கி வந்தவர் ஆலிஸ். தன் பங்கையும் அவருக்கு விட்டுக்கொடுத்து, தான் வோட்காவைக் குடித்துச் சமாளித்தவர். சிகிச்சைக்குப் பின் இருவரும் பிரிந்தார்கள். கிளாப்டன் ஆல்பம் போட்டார், உலகம் கொண்டாடியது. ஆலிஸ் 1995இல், 42 வயதில், ஹெராயின் அளவு மீறி இறந்துபோனார். மீண்டவர்கள்தான் புத்தகம் எழுதுகிறார்கள். கிளாப்டனை அந்தக் காலத்தில் உயிரோடு வைத்திருந்தவரின் பெயர் கட்டுரையிலாவது இருக்கலாமே.

1998இல் ஆன்டிகுவா தீவில் கிராஸ்ரோட்ஸ் என்ற மீட்பு மையத்தை கிளாப்டன் தொடங்கியதைக் கட்டுரை சொல்கிறது. அடுத்த ஆண்டே அதற்காகத் தன் நூறு கிதார்களை ஏலத்தில் விட்டார். அதில் ஒன்று மட்டும் 4,97,500 டாலருக்குப் போனது. இதையும் சேர்த்திருக்கலாம், படிக்கிறவர்களுக்கு ரசமாக இருந்திருக்கும்.

அடுத்த இதழில் அந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றி. புத்தகத்திலிருந்து ஏதாவது ஒரு பகுதியை மொழிபெயர்த்துப் போடும் எண்ணம் இருந்தால், 'கிரீம்' காலத்தை விட்டுவிட்டு ஹேசல்டன் பகுதியைப் போடுங்கள். இரண்டாவது ஹேசல்டனை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி