கருவி வந்துவிட்டது, பொது நேரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமும் தாதிமையும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, கண்ணில் மாட்டினால் கணினிக் காட்சி தெரியும் மெய்நிகர் கண்ணாடி, மூச்சுவிடும் பொம்மை, செயற்கை நுண்ணறிவு நோயாளி எனக் கருவிகள் வந்தபடி இருக்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பொம்மையைச் சுற்றி நிற்பவர்கள் எந்தெந்தத் துறை மாணவர்கள், அவர்கள் ஒன்றுசேர்ந்து பழகப் பொது நேரம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

மருந்தியல் படிப்பவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். இயன்மருத்துவமும் கதிர்ப்படத் துறையும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில். தாதிமையோ தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம் எனப் பிரிந்து கிடக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் மட்டுமே மூன்று. இவர்கள் நோயாளியின் கட்டிலருகே முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வது நல்லதல்ல. வெவ்வேறு துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒன்றுசேர்ந்தும் கற்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஒரே அரங்கில் உட்கார்ந்து விரிவுரை கேட்பது அதற்கு ஈடாகாது.

நல்ல பாவனைப் பயிற்சியில், அதாவது பொம்மையையோ நடிப்பவரையோ நோயாளியாக வைத்துப் பழகும் பயிற்சியில், எந்த ஒரு துறையும் தனியாகத் தீர்க்க முடியாதபடி தகவலைப் பிரித்து வைக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: நீரிழிவு உள்ள பாட்டி. காலை இன்சுலின் போட்டாயிற்று. ஸ்கேனுக்காகச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள். சாப்பாடு நிறுத்தியது தாதிமை மாணவரின் குறிப்பில் மட்டும் இருக்கும். நீண்ட நேரம் வேலை செய்து சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையையும் பாட்டி சாப்பிட்டு வருவது மருந்தாளர் மாணவரின் பட்டியலில். நடக்கக் கூட்டிப்போக வரும் இயன்மருத்துவ மாணவர்தான் கை நடுக்கத்தையும் வியர்வையையும் முதலில் பார்ப்பார். (பொம்மைக்கு வியர்க்காவிட்டால் நெற்றியில் தண்ணீர் தெளியுங்கள், இல்லையென்றால் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.) இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 2.8 மில்லிமோல், 4-க்குக் கீழே போனாலே தாழ்நிலை. குளுக்கோஸ் கொடுத்ததும் அளவு ஏறும், மருத்துவ மாணவர் நிம்மதியாவார். அந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையை இறக்கும், ஒரு நல்ல அளவோடு கண்காணிப்பை நிறுத்தக்கூடாது என்று மருந்தாளர் மாணவர் அப்போது வாய் திறந்து சொல்கிறாரா? பயிற்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறு: “யாராவது சர்க்கரை பாருங்க” என்று பொதுவாகச் சொல்வது. நான்கு பேரும் இன்னொருவர் பார்ப்பார் என்று நினைப்பார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அந்தப் பெயருக்குரியவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முடித்ததும் முடிந்தது என்று அறிவிக்க வேண்டும். இன்சுலினில் இது இன்னும் முக்கியம். வழக்கமான இன்சுலின் 1 மில்லிலிட்டரில் 100 யூனிட். 10 யூனிட் என்றால் 0.1 மில்லிலிட்டர்தான். இன்சுலின் ஊசிக்குழலை விட்டுச் சாதாரண ஊசிக்குழலில் 1 மில்லிலிட்டர் எடுத்துவிட்டால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். பக்கத்தில் நிற்கும் இளைய மாணவர் “நிறுத்துங்க” என்று சொல்லத் துணிய வேண்டும். அந்தத் துணிவு தனியாகக் கண்ணாடி மாட்டிப் பழகி வருவதில்லை.

மெய்நிகர் கண்ணாடி படிகளின் வரிசையை மனத்தில் பதிக்க நல்லது. ஊசி போட இரத்தக்குழாய் தேடும் விரலுக்கு அது உணர்வு தராது. சிலருக்குத் தலைசுற்றலும் வரும். மாறாக, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திப் பழகும் நெஞ்சழுத்தப் பொம்மையின் உணர்கருவி மிகப் பயனுள்ளது. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுவது. களைத்ததும் இந்தக் கடைசி விஷயம் எளிதில் கெடும். ஆசிரியரின் கண்ணுக்குத் தப்புவதைக் கருவி பிடித்துவிடும்.

எந்தக் கருவியானாலும், 15 நிமிடக் காட்சிக்குப் பின் குறைந்தது 30 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். யார் தவறு என்று தொடங்காமல், அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அதை ஏன் சொல்லவில்லை என்று தொடங்க வேண்டும். நேரம் தட்டினால் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பேச்சுதான். அதை வெட்டுவதைவிடக் காட்சியைக் குறைப்பது மேல்.

எனவே கல்வி நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு பிற்பகலையாவது எல்லாரும் ஒரே நாளில் ஒதுக்குங்கள். அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். இல்லாவிட்டால் தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் வரமாட்டார்கள்.

நம் சமூகத்துக்கும் இதில் வேலை உண்டு. தமிழில் மட்டுமே தாராளமாகப் பேசும் முதியவராக நடிக்கத் தன்னார்வலர்கள் தேவை. மருத்துவ அறிவு வேண்டியதில்லை. ஒரு பக்கக் குறிப்பை மனப்பாடம் செய்து, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியதைக் கேட்கும்வரை சொல்லாமல் இருந்து, முடிவில் “நீங்கள் என் மகளிடமே பேசினீர்கள், என்னிடம் பேசவில்லை” என்று மாணவரிடம் நேராகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
பாவனைப் பயிற்றுநர்கள் இருவர்,
சிங்கப்பூர்