மலைச்சாலைப் பணி: ஆய்வு மழைக்குப் பின் நடக்கட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். மலைச்சாலைகளை அகலப்படுத்தும் பணிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வெட்டப்படும் மரங்களைப் பற்றி விரிவாகப் பேசியது. வெட்டப்படும் மண் எங்கே போகிறது என்பதைத் தொடவே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் ஐப்பசி மழைக்கு இறங்கும் செந்நீர், குன்னூர் ஆறு, கல்லாறு வழியாகப் பவானியில் கலந்து, கடைசியில் பவானிசாகர் அணையில் வண்டலாகப் படிகிறது.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பாலப் பணிகளுக்கான விவரக்குறிப்பில் 306-வது பிரிவு முழுக்க மண்ணரிப்பு, வண்டல், நீர் மாசு பற்றியதுதான். ஆனால் அதே பிரிவு, தற்காலிகத் தடுப்பு வேலைகள் மண்வேலையோடு சேர்ந்தவை, அவற்றுக்குத் தனியாகப் பணம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. எம்.புக்கில், அதாவது பணம் தருவதற்காக வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில், ஏறாத வேலையை எந்த ஒப்பந்ததாரர் மனமுவந்து செய்வார்? குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் முதலில் கைவைப்பது இதில்தான். கடைகளில் வெயிலுக்குக் கட்டும் பச்சை வலையை நாலு குச்சியில் கட்டிவிட்டு, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வண்டல் வேலி இதுதான் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வலையில் வண்டல் நிற்காது. கூழாங்கல் வேண்டுமானால் நிற்கும்.

சரியான வேலி என்பது ஜியோடெக்ஸ்டைல் துணி, அதாவது நீரை வடியவிட்டு மண்ணைப் பிடித்துவைக்கும் துணி. அதன் அடிப்பகுதி 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் புதைந்திருக்க வேண்டும். கம்புகள் துணிக்குக் கீழ்ப்புறம் நிற்க வேண்டும். வேலி சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடி, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 30 மீட்டர் வேலி தாங்குவது ஏறக்குறைய 25 சென்ட் நிலத்து நீரைத்தான். ஓடைக்குக் குறுக்கே கட்டினால் முதல் பெருமழையிலேயே பிய்ந்துவிடும். தேங்கிய மண் வேலியின் பாதி உயரத்தை எட்டுமுன் வாரிவிட வேண்டும். ஆய்வுக்கு வருபவர் குனிந்து அடித்துணியை ஒரு கையால் இழுத்துப் பார்த்தாலே போதும். புதைக்காத வேலி கையோடு வந்துவிடும்.

ஆனால் வேலியையும், கலங்கல் நீரைத் தேக்கி மண்ணைப் படியவிடும் வண்டல் குழியையும் மட்டும் நம்புவது வீண் என்பதை நம் பொறியாளர்கள் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 0.1 மி.மீ. பருமனுள்ள மணல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.002 மி.மீ. களித்துகளுக்கு அதே ஆழம் இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். நீலகிரிச் செம்மண்ணில் களி அதிகம். ஆகவே வண்டல் குழியில் மணல் தங்கும், செந்நிறம் தங்காது. நிறத்தை நிறுத்தச் சிறந்த வழி, மண்ணை மழைக்குத் திறந்து வைக்காமல் இருப்பது. எனவே ஆய்வு மேலிருந்து தொடங்க வேண்டும். ஜீப்பிலிருந்து இறங்காமல் சாலை மட்டத்தில் பார்ப்பது ஆய்வு ஆகாது.

மேலே முதலில் பார்க்க வேண்டியது, வெட்டுச் சரிவின் உச்சிக்குச் சில மீட்டர் தள்ளி மலைநீரை மறித்துத் திருப்பும் கேட்ச்வாட்டர் வாய்க்கால். அது வெட்டுவதற்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும். நம் வழக்கமோ, எல்லாம் முடிந்தபின் கடைசி பில்லுக்கு அதைக் கட்டுவது. கட்டியிருந்தாலும் அது எங்கே போய் முடிகிறது என்று நடந்து பார்க்க வேண்டும். கல் பாவாமல் வெறும் மண்ணில் விட்டிருந்தால், மண்ணரிப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதுதான் மிச்சம். விரிசல் விட்ட வாய்க்கால் அதைவிட மோசம்: நீர் சரிவுக்குள் இறங்கி, சரிவையே சாலைக்குத் தள்ளிவிடும்.

அடுத்தது, வெட்டிய மண். பொக்லைன் ஓட்டுநர் டிப்பருக்குக் காத்திருக்காமல் பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிவிடுவதுதான் மலைச்சாலைப் பணிகளில் பெரிய குற்றம். வெட்டிய கன அளவையும் லாரிச் சீட்டுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டாலே இது பிடிபடும். வெட்டிய மண் பொதபொதவென்று விரிவதால் லாரிக் கணக்கு கூடுதலாகத்தான் வர வேண்டும்; குறைந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம்.

சாலையின் பக்க வாய்க்காலில் நீரின் வேகத்தைக் குறைக்கக் கல் தடுப்பு வைக்கும்போது, மேல் தடுப்பின் அடி மட்டமும் கீழ்த் தடுப்பின் உச்சி மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாய்க்கால் 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கினால், 60 செ.மீ. தடுப்புகள் 12 மீட்டருக்கு ஒன்று. நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்காவிட்டால், நீர் தடுப்பைச் சுற்றிக் கரையைத் தின்னும்.

வெட்டுச் சரிவை மூடப் பொள்ளாச்சிப் பக்கமே தென்னை நார் விரிப்பு கிடைக்கிறது. அதைச் சரிவில் பயன்படுத்துவதற்கு இந்தியத் தர நிர்ணய வழிகாட்டுதலே இருக்கிறது. முதலில் புல்விதை, பிறகு விரிப்பு. உச்சியில் ஒரு அடிப் பள்ளத்தில் புதைத்து, மேலிருந்து கீழாக உருட்டி, ஓரங்களை 10 முதல் 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, மீட்டருக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: விறைப்பாக இழுத்துக் கட்டுவதால் விரிப்பு கூடாரம் போல மண்ணைத் தொடாமல் நிற்கும், நீர் அடியில் ஓடும். விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். புல் வேர்பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் விதைக்காமல் நவம்பரில் விதைத்தால் விதையும் பவானிக்குத்தான்.

சிமென்ட் கலவை லாரி கழுவிய நீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் காரத்தன்மை பி.எச். 12 வரை போகும். சிற்றோடையில் விழுந்தால் மீன் சாகும். தார்ப்பாய் விரித்த குழியில் கழுவி, இறுகியபின் உடைத்து அள்ள வேண்டும். அதேபோல் தடுப்புச்சுவர் அஸ்திவாரக் குழியிலிருந்து நீர் இறைக்கும் பம்ப் ஓடினால், ஹோஸின் மறுமுனை எங்கே கிடக்கிறது என்று தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிறுபாலத்தின் வாயில்தான் கிடக்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2022 கட்டுமான அனுமதி விதிப்படி ஒப்பந்ததாரர் 7 நாளுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும். அல்லது 14 நாளுக்கு ஒருமுறையும், கூடவே கால் அங்குல மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள்ளும். கால் அங்குலம் என்பது சுமார் 6 மி.மீ.; அதை அப்படியே இங்கே வைத்தால் பருவமழைக் காலத்தில் வேறு வேலையே ஓடாது. நமக்கு 20 மி.மீ. என்று வைக்கலாம். பணித்தளத்தில் ஒரு மழைமானி, நீரின் கலங்கலை அளக்கும் கையடக்கக் கலங்கல்மானி ஒன்று. தளத்துக்கு மேலும் கீழும் ஓடை நீரை எடுத்து அளந்து, இரண்டு அளவையும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். மேலே தெளிவு, கீழே கலங்கல் என்றால் அதற்குப் பிறகு வாதமே தேவையில்லை.

நெடுஞ்சாலைத் துறைக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை. மலைச்சாலை எஸ்டிமேட்டுகளில் வண்டல் வேலியை மீட்டர் கணக்கிலும், நார் விரிப்பைச் சதுர மீட்டர் கணக்கிலும், குழி தூர்வாருவதைக் கன மீட்டர் கணக்கிலும் தனித்தனி இனமாகச் சேர்க்க வேண்டும். பராமரிப்புக்கு மாதத் தொகை வைத்து, மழைக்குப் பிந்தைய ஆய்வுப் பதிவு இல்லாத மாதத்துக்கு அதை நிறுத்த வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூடாத வெட்டுச் சரிவு இருக்கும் வரை புது வெட்டுக்கு உதவிக் கோட்டப் பொறியாளர் அனுமதி தரக் கூடாது. அந்தப் பதிவேட்டின் நகல், கீழே குடிநீர் எடுக்கும் நகராட்சிக்கும் வாரந்தோறும் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பணித் தர ஆய்வாளர்கள் சிலர்,
மேட்டுப்பாளையம்.